ஹோட்டல் அறையின் அழைப்பு மணியும் தீ மணியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் வீட்டுக் கூடத்துச் சுவரில் ஒரு மரப்பெட்டி தொங்குகிறது. முகப்பில் கண்ணாடி, கண்ணாடிக்குள் வரிசை வரிசையாக இருபது சிறு சன்னல்கள், ஒவ்வொன்றின் கீழும் ஓர் எண், உச்சியில் பித்தளை மணி. பழைய பொருள் கடையில் தூசியோடு வாங்கிவந்து நானே சரிசெய்தது. வீட்டுக்கு வருகிறவர்கள் காபி ஆறும் வரை அதைப் பற்றித்தான் கேட்கிறார்கள். பெரும்பாலும் அதே கேள்விகள். பதில்களை ஓரிடத்தில் எழுதி வைத்துவிட்டால் காபியாவது சூடாகக் குடிக்கலாமே என்று இதைத் தொகுத்தேன்.

“இது என்ன பெட்டி சார்? பள்ளிக்கூடத்து ஸ்கோர் போர்டு மாதிரி இருக்கிறதே?”

பழைய ஹோட்டல்களில் வரவேற்பு மேசைக்குப் பின்னால் மாட்டியிருந்த அழைப்புப் பலகை இது. ஆங்கிலத்தில் அனன்சியேட்டர் என்பார்கள். அறையில் தங்கியிருப்பவர் பொத்தானை அழுத்தினால் இங்கே மணி அடிக்கும். அவருடைய அறை எண்ணுக்குரிய தகடு சன்னலில் வந்து விழும். மேசையில் இருப்பவர் எண்ணைப் பார்த்து ஓர் ஆளை மேலே அனுப்புவார்.

நம் வீட்டுக் காலிங் பெல்லுக்கும் இதற்கும் ஒரே ஒரு வேறுபாடுதான். காலிங் பெல் யாரோ கூப்பிடுகிறார்கள் என்று மட்டும் சொல்லும். எங்கிருந்து கூப்பிடுகிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்வது இந்தப் பலகை. இருநூறு அறை இருக்கும் கட்டடத்தில் அந்த இரண்டாவது செய்தி இல்லாமல் முதல் செய்தியால் ஒரு பயனும் கிடையாது.

“மின்சாரம் வருவதற்கு முன்னால் ஆளை எப்படிக் கூப்பிட்டார்கள்?”

கம்பியை இழுத்து. பெரிய வீடுகளில் படுக்கைத் தலைமாட்டில் ஒரு பிடி இருக்கும். இழுத்தால் சுவருக்குள் ஓடும் கம்பி நகர்ந்து, சமையற்கட்டுப் பக்கம் சுருள் வில்லில் தொங்கும் மணியை ஆட்டும். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 1829-இல் திறந்த ட்ரெமாண்ட் ஹவுஸ் சுமார் 170 அறைகள் கொண்டது. அவ்வளவு அறைக்கும் தனித்தனி மணி தொங்கவிட முடியாது. எனவே மணியோடு அறை எண்ணையும் காட்டும் பலகைகள் அந்தக் காலத்திலேயே வந்துவிட்டன, கம்பியால் இயங்குபவையாக.

கம்பியின் எதிரி மூலை. ஒவ்வொரு திருப்பத்திலும் இழுப்பைத் திசைதிருப்ப ஒரு முட்டிக்கட்டை வேண்டும். ஒவ்வொரு முட்டியும் உராயும். கம்பி நீளும், குளிரில் சுருங்கும், துருப்பிடித்து அறுந்தும் போகும். மின்சாரத்துக்கு மூலை ஒரு பொருட்டே இல்லை. ஜோசப் ஹென்றி 1831-இல் அமெரிக்காவின் ஆல்பனியில் ஏறக்குறைய ஒரு மைல் நீளக் கம்பியைச் சுற்றிவிட்டு அதன் மறுமுனையில் மணி அடித்துக் காட்டினார். ஆனாலும் ஹோட்டல்களுக்கு அது வந்துசேரப் பல பத்தாண்டுகள் ஆயின. காரணம் அடுத்த கேள்வியில் இருக்கிறது.

“தெருவில் மின்கம்பமே இல்லாத காலத்தில் மணிக்குக் கரண்ட் எங்கிருந்து வந்தது?”

கண்ணாடி ஜாடிகளிலிருந்து. நியூயார்க்கில் எடிசனின் பேர்ல் ஸ்ட்ரீட் மின்நிலையம் தொடங்கியதே 1882-இல்தான். அதற்கு முன்பே ஹோட்டல் மணிகள் மின்கலத்தில் ஓடின. அதைச் சாத்தியமாக்கியவர் ஜார்ஜ் லெக்லான்ஷே என்ற பிரெஞ்சுக்காரர்; அவருடைய கலம் 1866-இல் வந்தது. ஜாடிக்குள் நவச்சாரம் கரைத்த நீர், அதில் ஒரு துத்தநாகக் குச்சி, நடுவே சுட்ட மண் குவளை. குவளைக்குள் ஒரு கரித்தகடு, அதைச் சுற்றிக் கரித்தூளும் மாங்கனீஸ் டை ஆக்சைடும். நவச்சாரம் என்றதும் மலைக்க வேண்டாம். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர், பாத்திரத்தைச் சூடாக்கியதும் தூவுவாரே வெள்ளைப் பொடி, புகை குப்பென்று எழுமே, அதேதான்.

ஒரு கலம் ஏறத்தாழ 1.5 வோல்ட் தரும். நாலைந்தைத் தொடராக இணைத்தால் மணிக்குப் போதும். இதன் அருமை என்னவென்றால், யாரும் பொத்தானை அழுத்தாத நேரத்தில் அது ஏறக்குறைய எதையுமே செலவழிக்காது. ஆண்டுக்கு ஓரிரு முறை தண்ணீர் ஊற்றி, தேய்ந்த துத்தநாகத்தை மாற்றினால் போதும். ஒரே தொல்லை, உப்பு பூத்துப் பூத்து ஜாடி விளிம்பு தாண்டி வெளியே இறங்கும். அதற்காக விளிம்பில் மெழுகு தடவி வைப்பார்கள். நானும் ஒரு ஜாடி செய்து பார்த்தேன். மெழுகு தடவ மறந்தேன். அலமாரிப் பலகையில் இன்றும் வெள்ளைத் தடம் இருக்கிறது.

“பொத்தானை அழுத்தினால் உள்ளே என்ன நடக்கிறது?”

பெட்டியைத் திறந்தால் ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னாலும் நூல் சுற்றிய செம்புக் கம்பிச் சுருள் ஒன்று தெரியும். மின்னோட்டம் பாயும்போது அது காந்தமாகி எதிரில் உள்ள இரும்பு நாக்கை இழுக்கும். நாக்கின் நுனியில் ஒரு கொக்கி. கொக்கியில் தொங்கும் தகடு பிடி நழுவித் தன் எடையாலேயே விழும். தகட்டை விழவைப்பது மின்சாரம் அல்ல, புவியீர்ப்புதான். மின்சாரம் கொக்கியை விடுவிப்பதோடு சரி. அதனால்தான் இவ்வளவு பலவீனமான கலத்தால் இந்த வேலையைச் செய்ய முடிகிறது. சில பலகைகளில் தகட்டுக்குப் பதிலாக அம்பு திரும்பும்; சிலவற்றில் சிறு கொடி சிறிது நேரம் ஊசலாடும்.

விழுந்த தகட்டை ஆள்தான் மேலே தள்ள வேண்டும். பக்கவாட்டில் ஒரு நெம்புகோல் இருக்கிறது, பாருங்கள். மேசைக்காரர் அதை மறந்தால், விழுந்த எண் பழைய அழைப்பா புதியதா என்று தெரியாது. இரண்டு தகடு சேர்ந்து கிடந்தால் யார் முதலில் கூப்பிட்டார் என்றும் தெரியாது. எத்தனை வாக்குவாதங்களை இந்தப் பெட்டி பார்த்திருக்குமோ!

“ஒரு தரம் அடித்தால் ஒருவர் வருவார், இரண்டு தரம் அடித்தால் வேறொருவர் என்கிறார்களே, உண்மையா?”

உண்மை. ஜெர்மன் பேசும் நாடுகளின் ஹோட்டல்களில் ஒரு மணி பரிமாறுபவருக்கு, இரண்டு அறையைத் துப்புரவு செய்யும் பெண்ணுக்கு, மூன்று பெட்டி தூக்கும் ஆளுக்கு என்று பொத்தானுக்குப் பக்கத்திலேயே அட்டை எழுதி ஒட்டியிருப்பார்கள். அமெரிக்காவில் ஐஸ் தண்ணீருக்கென்றே தனி எண்ணிக்கை உண்டு. பலகை எண்ணை மட்டும்தான் காட்டும். எத்தனை தரம் அடித்தது என்பதைக் காதால் எண்ணிக்கொள்ள வேண்டும். மேசையில் இருப்பவர் அந்த நேரம் சில்லறை எண்ணிக்கொண்டிருந்தால், தண்ணீர் கேட்டவருக்குப் பெட்டி தூக்க ஆள் வந்து நிற்பார்.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க நியூயார்க்கில் எஃப். பெனடிக்ட் ஹெர்சாக் என்ற மின்பொறியாளர் ‘டெலிசீம்’ என்ற கருவியைச் செய்தார். அறைச் சுவரில் ஒரு வட்டத் தட்டு. அதில் பானம், உணவு, செய்தித்தாள் என்று வேண்டியவற்றின் பெயர்கள் அச்சிட்டிருக்கும். முள்ளை அதில் நிறுத்திப் பொத்தானை அழுத்தினால் கீழே உள்ள தட்டிலும் அதே இடம் காட்டும். 1890-களில் பெரிய ஹோட்டல்களின் பெருமைகளில் இதுவும் ஒன்று. இன்று செல்போனில் படத்தைத் தொட்டு இட்லி வரவழைக்கிறோம். அதற்குப் பாட்டன் முறை என்று இதைச் சொல்லலாம்.

“நூறு அறைக்கு நூறு ஜோடி ஒயர் இழுத்தார்களா?”

இல்லை. கலத்திலிருந்து புறப்படும் ஒரு பொதுக் கம்பி எல்லா அறைக்கும் போகும். திரும்பி வருவதற்கு மட்டும் அறைக்கு ஒன்று. நூறு அறைக்கு 101 கம்பி. பருத்தி நூல் சுற்றி மெழுகில் முக்கியெடுத்த மெல்லிய செம்புக் கம்பி அது. அதைச் சுவரில் கொக்கி ஆணி அடித்து நிறுத்துவார்கள். இரண்டு கம்பியை ஒரே ஆணிக்கடியில் அடிப்பது சோம்பேறி ஆசாரியின் வேலை. நாளடைவில் நூல் நைந்து இரண்டு கம்பியும் தொட்டுக்கொள்ளும். ஆளே இல்லாத அறையிலிருந்து நள்ளிரவில் அழைப்பு வரும். பேய் ஹோட்டல் கதைகளில் பாதியை ஓர் ஆணியைப் பிடுங்கித் தீர்த்திருக்கலாம் என்பது என் கட்சி.

“இதே மணிதான் தீ மணியாகவும் வேலை செய்ததா?”

இதுதான் எல்லாரும் தவறாக எண்ணும் இடம். மேலே சொன்ன அமைப்பில் பொத்தான் அறையில் இருக்கிறது, மணி மேசையில் இருக்கிறது. அறையில் இருப்பவர் மேசையை எழுப்பலாம். தீ என்று வந்தால் வேண்டியது நேர் எதிர்: மேசை, உறங்கும் அறைகளை எழுப்ப வேண்டும். அதற்கு மணி அறைக்குள் இருக்க வேண்டும். வெறும் அழைப்புப் பலகையால் இது முடியாது.

அறைக்குள்ளும் ஒரு சிறு மணி வைத்து, மேசையில் அறைக்கு ஒரு பொத்தான் வைத்த பலகைகள் பிறகு வந்தன. திருப்பியழைக்கும் பலகை எனலாம். வந்த முதல் காரணம் தீ அல்ல. ‘உங்கள் அழைப்பு கேட்டது, ஆள் வருகிறார்’ என்று பதில் சொல்லவும், அதிகாலை ரயிலைப் பிடிக்க வேண்டியவரை எழுப்பவும்தான். எல்லா அறை மணியையும் வரிசையாக அடிக்கும் ஒரு கைப்பிடியைச் சேர்த்ததும் அதுவே தீ எச்சரிக்கையாயிற்று. ‘எல்லா அறையிலும் மின்மணி, தீ எச்சரிக்கை’ என்று விளம்பரம் செய்த ஹோட்டல்களில் பல, சொல்லவந்தது இதைத்தான். நான் பழைய பலகை எதைப் பார்த்தாலும் முதலில் தேடுவது இந்தக் கைப்பிடியைத்தான். என் பெட்டியில் அது இல்லை.

“நூறு மணியையும் ஒரே நேரத்தில் அடிக்க அந்த ஜாடிகள் தாங்குமா?”

தாங்காது. நல்ல கேள்வி, ஆனால் அபூர்வமாகத்தான் யாராவது கேட்கிறார்கள். ஒரு சிறு மணிக்குக் கால் ஆம்பியர் என்று வைத்துக்கொண்டாலும் நூறு மணிக்கு 25 ஆம்பியர். லெக்லான்ஷே கலத்தின் உள்தடையே, அதாவது கலம் தனக்குள்ளேயே மின்னோட்டத்துக்குக் காட்டும் தடையே, ஓர் ஓம் அளவில் இருக்கும். இரண்டு முனையையும் நேராகச் சேர்த்தால்கூட ஒன்றரை ஆம்பியர் அளவில்தான் வரும். கலங்களைத் தொடராக அடுக்கினால் வோல்ட்டோடு உள்தடையும் கூடுவதால் அந்த எல்லை அப்படியே நிற்கும்.

எனவேதான் வரிசையாக அடித்தார்கள். கைப்பிடியைச் சுற்றும்போது ஒரு பித்தளை விரல், தொடுமுனைகளின் மேல் ஒவ்வொன்றாக உரசிக்கொண்டே போகும். ஒரு கணத்தில் ஓரிரு மணிக்கு மேல் ஒலிக்காது. நிறுத்தாமல் சுற்றினால் கட்டடம் முழுக்க மணி அலை போலச் சுற்றிவரும். நெடுநேரம் சுற்றினால் கலம் சோர்ந்து ஒலி மங்கும். சில மணி நேரம் ஓய்வு கொடுத்தால் தெளிந்துவிடும். தீ அவ்வளவு நேரம் காத்திருக்காது என்பது வேறு.

“இவ்வளவு வசதி இருந்தும் பழைய ஹோட்டல் தீயில் ஏன் அத்தனை பேர் செத்தார்கள்?”

மணி அடிக்க வேண்டும் என்று ஒருவர் முடிவு செய்ய வேண்டியிருந்ததால். இரவு வேலை பார்ப்பவர் புகையைக் காண்பார். முதலில் வாளியை எடுத்துக்கொண்டு ஓடுவார். சின்னத் தீக்கு இருநூறு பேரை எழுப்பினால் முதலாளி என்ன சொல்வாரோ என்று தயங்குவார். உறங்குகிறவர்களுக்கு அந்தச் சில நிமிடங்கள்தான் உயிர். மாடிப்படியும் லிப்ட் குழியும் புகைபோக்கி போல வேலை செய்ததால், எழுந்தவர்களுக்கும் இறங்க வழியில்லாமல் போயிற்று.

செயிண்ட் லூயிஸ் நகரின் சதர்ன் ஹோட்டல் 1877 ஏப்ரலில் எரிந்தது. 21 பேர் இறந்தார்கள். மில்வாக்கியின் நியூஹால் ஹவுஸ் 1883 ஜனவரி 10 அதிகாலையில் எரிந்தபோது 70-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். சன்னலிலிருந்து குதித்தவர்கள் தெருவில் பின்னிக் கிடந்த தந்திக் கம்பிகளில் மோதி விழுந்தார்கள். ஏணியை நிறுத்தவும் அதே கம்பிகள் இடைஞ்சல். இறந்தவர்களில் கணிசமானோர் மேல்தளத்தில் படுத்திருந்த பணிப்பெண்கள். பகலெல்லாம் இந்த மணிச் சத்தத்துக்கு ஓடியவர்கள். இத்தகைய தீ விபத்துகளுக்குப் பிறகு, அறைக்கு அறை இறங்கும் கயிறு வைக்க வேண்டுமென்று அமெரிக்க மாநிலங்கள் சில சட்டம் போட்டன. ஆறாவது மாடியிலிருந்து இரவு உடையில் கயிற்றில் இறங்கச் சொல்லும் சட்டம்! போட்டவர்களில் எத்தனை பேர் இறங்கிப் பார்த்தார்களோ.

“ஆள் பார்க்காமல் தானாகவே தீயை உணரும் கருவி அப்போது இல்லையா?”

இருந்தது. இரண்டு வேறு உலோகப் பட்டைகளை ஒட்டிவைத்தால், சூட்டில் ஒன்று கூடுதலாக விரிந்து பட்டை வளையும். வளைந்து எதிர்முனையைத் தொட்டால் மணி. வேறொரு வகையில் கண்ணாடிக் குழாயில் பாதரசம் ஏறிப் பிளாட்டினக் கம்பியைத் தொடும். 19-ஆம் நூற்றாண்டின் கடைசிக் கால் பகுதியிலேயே இவை விற்பனைக்கு வந்துவிட்டன. ஹென்றி பார்மலி 1874-இல் செய்த ஸ்ப்ரிங்க்ளர் இன்னும் ஒரு படி மேல். சூட்டில் ஈயப்பற்று உருகி, தண்ணீரே கொட்டும்.

ஆனால் இவை முதலில் போனது பஞ்சாலைக்கும் கிடங்குக்கும். சரக்குக்குக் காப்பீடு உண்டு. கருவி வைத்தால் தவணை குறையும். கணக்கு நேராக இருந்தது. உறங்கும் விருந்தினருக்கு அப்படி நேரான கணக்கு இல்லை. கசப்பான பேச்சுதான். ஆனால் கருவிகள் போன வழியைப் பார்த்தால் வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

“ஒயர் எங்காவது அறுந்துவிட்டால் எப்படித் தெரியும்?”

அழைப்பு மணியில் தெரியாது. யாராவது அழுத்தி, யாரும் வராமல், அவர் கோபத்தோடு இறங்கிவரும்போதுதான் தெரியும். வழக்கமாக மின்னோட்டம் இல்லாமல் இருந்து, அழுத்தும்போது மட்டும் ஓடும் திறந்த சுற்று அது. தீ மணியில் இது பெரும் ஆபத்து. அறுந்த கம்பியும் அமைதி, தீ இல்லாத இரவும் அமைதி.

எனவே நல்ல தீ எச்சரிக்கை அமைப்புகள் மூடிய சுற்றைப் பிடித்துக்கொண்டன. மின்னோட்டம் எப்போதும் ஓடிக்கொண்டே ஒரு நாக்கைப் பிடித்திருக்கும். அறுந்தாலோ கலம் தீர்ந்தாலோ நாக்கு விடுபட்டு மணி அடிக்கும். லெக்லான்ஷே இதற்கு லாயக்கில்லை. முன்பு சொன்னபடி ஓய்வில்லாவிட்டால் சோர்ந்துவிடும். மயில்துத்தக் கரைசலில் செம்பும் துத்தநாகமும் வைத்த கலம் வேண்டும். அடியில் நீலம், மேலே தெளிந்த நீர் என்று இரண்டு அடுக்காக நிற்கும், பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அது எந்நேரமும் துத்தநாகத்தைத் தின்னும். பராமரிக்க ஆள் வேண்டும், காசு வேண்டும். திறந்த சுற்றோடு பல முதலாளிகள் நின்றுவிட்டதற்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

“தீயே மணியை அடித்துவிடும் என்று ஒருவர் சொன்னாரே, கதையா?”

நடக்கக்கூடியதுதான். மெழுகு தோய்ந்த பருத்தி நன்றாக எரியும். எரிந்ததும் பொதுக் கம்பியும் அறைக் கம்பியும் தொட்டுக்கொண்டால், பொத்தானை அழுத்தியது போலவே தகடு விழும். ஒரே தளத்தின் எண்கள் அடுத்தடுத்து விழுந்தால், விவரமான மேசைக்காரர் கூஜாவோடு ஆளை அனுப்பமாட்டார். ஆனால் கம்பி தொடாமல் அறுந்தால், மேலே சொன்ன அமைதிதான். நம்பியிருக்கத் தக்கதல்ல.

“இந்த ஒயரிங்கால் தீப்பிடித்திருக்குமோ?”

மணிக் கம்பியின் சில வோல்ட்டால் மட்டும் என்றால் நடப்பது அரிது. விளக்குக்கு மின்சாரம் வந்த பிறகு நிலைமை மாறியது. விளக்குக் கம்பி எங்காவது மணிக் கம்பியைத் தொட்டுவிட்டால், மெல்லிய கம்பியில் தாங்காத மின்னோட்டம் பாயும், நூல் பற்றிக்கொள்ளும். இரண்டையும் விலக்கி இழுக்க வேண்டும் என்று காப்பீட்டாளர்கள் விதி வகுத்தது இதனால்தான்.

“தெருமுனையில் இருந்த தீயணைப்புப் பெட்டியும் இதுவும் ஒன்றுதானா?”

வேறு வேறு. 1852-இல் பாஸ்டனில் வில்லியம் சானிங், மோசஸ் ஃபார்மர் இருவரின் முயற்சியில் தொடங்கிய நகரத் தந்தி அமைப்பு அது. பெட்டியின் பிடியை இயக்கினால் பல்வெட்டிய சக்கரம் சுழன்று அந்தப் பெட்டியின் எண்ணைத் தந்தியாக மையத்துக்கு அனுப்பும். அது தீயணைப்பு வண்டியை அழைக்கிறது. ஹோட்டல் மணி உள்ளே இருப்பவர்களை எழுப்புகிறது. இரண்டும் வேண்டும். பல ஹோட்டல்களில் இரண்டுக்கும் நடுவே இருந்தது ஓடத் தெரிந்த ஒரு பையன் மட்டுமே.

“டெலிபோன் வந்ததும் எல்லாப் பிரச்சினையும் தீர்ந்திருக்குமே?”

ஐஸ் தண்ணீர்ப் பிரச்சினை தீர்ந்தது. 1908-இல் பஃபலோ நகரில் திறந்த ஸ்டாட்லர் ஹோட்டலில் அறைதோறும் டெலிபோன், அறைதோறும் குளிர்ந்த குடிநீர். அதன்பின் மணியின் பழைய வேலைகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. அறை மணிகளும் கழற்றப்பட்டன. அதோடு, எல்லா அறையையும் எழுப்பும் அந்தக் கைப்பிடியும் போயிற்று. அதன் இடத்தில் வேறு தீ மணி வைத்தவர்கள் வைத்தார்கள். வைக்காதவர்களுக்கு டெலிபோன்தான் மிச்சம். டெலிபோன் ஓர் அறைக்குப் பிறகு ஓர் அறை என்றுதான் எழுப்பும்.

சிகாகோவின் லாசால் ஹோட்டல் 1946 ஜூன் 5 அன்று நள்ளிரவு தாண்டி எரிந்தது. 61 பேர் இறந்தார்கள். டெலிபோன் பலகையில் இருந்த ஜூலியா பெர்ரி, கிளம்பிவிடு என்று சொன்ன பிறகும் எழாமல் அறை அறையாக அழைத்து எழுப்பிக்கொண்டே இருந்து அங்கேயே உயிர்விட்டார். அதே ஆண்டு டிசம்பர் 7 அன்று அட்லாண்டாவின் வைன்காஃப் ஹோட்டல். தீப்பிடிக்காத கட்டடம் என்று விளம்பரம் செய்தது. 15 மாடிக்கு ஒரே மாடிப்படி. ஸ்ப்ரிங்க்ளர் இல்லை, தீ மணியும் இல்லை. இறந்தவர்கள் 119 பேர். மறு ஆண்டு ஜனாதிபதி ட்ரூமன் தீத் தடுப்புக்கென்றே ஒரு தேசிய மாநாடு கூட்டினார்.

“உங்கள் பெட்டி இன்னும் வேலை செய்கிறதா? என்னிடமும் ஒன்று இருக்கிறது, எப்படி இணைப்பது?”

வேலை செய்கிறது. 14-ஆம் எண் மட்டும் கொக்கியில் ஒட்டிக்கொள்ளும், விரலால் தட்ட வேண்டும். 13 என்ற எண்ணே பலகையில் கிடையாது. 12-க்கு அடுத்து 14. அதனால் மேலிருந்து கீழாக எண்ணுகிறவர்கள் எப்போதும் ஒன்று பிசகுவார்கள்.

இணைப்பதற்கு 1.5 வோல்ட் டார்ச் பேட்டரி நான்கு போதும். முதலில் சுருள்களை மல்டிமீட்டர் வைத்துச் சோதியுங்கள். பூஞ்சை பிடித்த நூலை வெள்ளைத் துணியால் ஒற்றுங்கள், தேய்க்க வேண்டாம். தொடுமுனைகளுக்கு உப்புத்தாள் கூடாது, கெட்டி அட்டைத் துண்டு போதும். 230 வோல்ட் பக்கம் மட்டும் கொண்டுபோகாதீர்கள். ஒருவர் நேரே சுவர் பிளக்கில் சொருகிவிட்டு, ஏன் புகை வருகிறது என்று எனக்கு டெலிபோன் செய்தார்.